பின்னால் இருக்கிறவள்

மூன்றாவது வளைவில் தவமலர் மறுபடியும் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. முன்னால் இருக்கிற முதுகு அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசைந்தால் எண்ணிக்கையை விட்டுவிடலாம், அசையாவிட்டால் தொடர வேண்டும். காலை ஏழு மணிக்குப் பலெர்மோவில் மோட்டார்சைக்கிளில் ஏறியதிலிருந்து இதே வேலைதான். முதுகு குலசிங்கத்தினுடையது. இருபத்தைந்து வருசமாக அவள் சோப்புப் போட்டுத் தேய்த்த முதுகு, காய்ச்சலில் விக்ஸ் பூசிய முதுகு. இன்றைக்குத்தான் அதை ஒரு கள்ளனைக் கண்காணிக்கிற மாதிரிக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை சிசிலித் தீவில் ஒருவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். இறைச்சியையும் கரி மூட்டையையும் காரில் ஏற்றிக்கொண்டு, கிழவன் கிழவி குழந்தை குட்டி எல்லாரும் மலைக்குப் போய்விடுவார்கள். பதினெட்டு வருசமாக இந்தத் தீவில் இருந்தும், இரண்டு பேருக்கும் ஒன்றாக லீவு கிடைத்த முதல் ஈஸ்டர் திங்கட்கிழமை இது. ஒருநாள் உம்மை மலைக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு வந்த வருசமே சொன்னவன் குலசிங்கம். சொன்ன வாக்கைக் காப்பாற்ற இப்படி ஒரு நேரத்தையா பார்த்தான், மனுசன்? கடற்கரை றோட்டில் அவளுக்கு அவ்வளவு பயம் இருக்கவில்லை. அங்கே ஒரு பக்கம் வீடுகள், ஒரு பக்கம் மணல். காஸ்தெல்புவோனோ என்ற ஊரைத் தாண்டியபிறகு றோட்டுக்கு வலது பக்கம் என்று ஒன்றே இல்லை. எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு ஆட்டுப்பட்டி தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. நான்கு, ஐந்து. முதுகு அசைந்தது. குலசிங்கம் கியரை மாற்றி, "குளிருதோ?" என்று கத்தினான். "இல்லை" என்று அவளும் கத்தினாள். எண்ணிக்கை முடிந்தது.

சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிட வேண்டும். போன புதன்கிழமை பின்னேரம் அவன் குசினியில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரனின் நாயைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நாய் ராத்திரி முழுக்க, என்று சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான். கண் திறந்தபடி. கோப்பை கையில். வாய் மட்டும் எதையோ சப்புகிற மாதிரி இரண்டுதரம் அசைந்தது. அவள் முதலில் பகிடி என்று நினைத்தாள். பிறகு, என்னப்பா, என்றாள். பிறகு அவளுக்கு விளங்கிவிட்டது, விளங்கியதும் வாய் மூடிக்கொண்டது, எண்ணத் தொடங்கினாள். பதினொன்றில் அவன் திரும்பி வந்தான். வந்து, குலைச்சுக்கொண்டே இருந்தது, என்று வசனத்தை முடித்தான். தான் போய் வந்தது அவனுக்குத் தெரியாது. தேத்தண்ணியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவளுக்கு எப்படி உடனே விளங்கியதென்றால், ஐந்து வருசம் அவள் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்ட கிழவி சின்யோரா கொன்செத்தாவுக்கும் இதேதான். செபமாலை சொல்லுகிற நேரம் கிழவியின் விரல் ஒரு மணியில் நின்றுவிடும். கண் திறந்திருக்கும், வாய் சப்பும். கூப்பிட்டாலும் கேட்காது, கையைப் பிடித்து ஆட்டினாலும் தெரியாது. எண்ணிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பத்துப் பன்னிரண்டில் விரல் அடுத்த மணிக்குப் போகும். என் மகனுக்கு மட்டும் சொல்லிவிடாதே, மலரா, என்று கிழவி கெஞ்சினாள். மகன் எஞ்சினியர், கெட்டிக்காரன், அம்மாவை முதியோர் விடுதியில் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு சாட்டு அகப்படாதா என்று இருந்தவன். தவமலர் சொல்லவில்லை. இரக்கம்தான், வேறென்ன. இரக்கப்பட்டு ஏழு மாதம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எட்டாம் மாதம் கிழவி மாடிப்படியின் நடுவில் நின்றுவிட்டாள். கூப்பிட்டுக்கொண்டு ஓடிப்போவதற்குள் கீழே கிடந்தாள். இடுப்பெலும்பு உடைந்து மூன்று கிழமையில் போய்ச் சேர்ந்தாள். மகன் செத்தவீட்டில் தவமலரின் கையைப் பிடித்து, நீ எங்கள் அம்மாவுக்கு மகள் மாதிரி, என்று அழுதான். அதை இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்குக் கை கூசும்.

சரி, அப்படியானால் ஏன் ஏறினாய்? இதை அவள் காலையிலிருந்து நூறு தரம் தன்னையே கேட்டுவிட்டாள், நூறு தரமும் ஒழுங்கான பதில் வரவில்லை. ஒருக்கா வந்தது களைப்பாகவும் இருக்கலாம் என்பது ஒரு பதில். தனியாகப் போய் விழுவதைவிட நானும் கூட இருக்கிறது நல்லது என்பது இன்னொன்று. இதைவிட முட்டாள் கதை உலகத்தில் இல்லை, அவளுக்கும் தெரியும். உண்மை என்னவென்றால், விடியற்காலை எழும்பிப் பார்க்கிறாள், மனுசன் முற்றத்தில் குந்தியிருந்து அந்தப் பழைய சிவப்பு மோட்டார்சைக்கிளைத் துணியால் துடைத்துக்கொண்டு விசிலடிக்கிறான். விசில்! பதினெட்டு வருசத்தில் அவன் விசிலடித்து அவள் கேட்டதில்லை. மேசையில் ரொட்டிக்குள் மீன் பொரியல் வைத்துச் சுற்றிய பொதி இரண்டு. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது, உங்களுக்கு மூளையில ஏதோ பிழை எண்டு. சொன்னால் டொக்டரிடம் போக வேண்டும். டொக்டர் எழுதினால் லைசன்ஸ் போய்விடும். லைசன்ஸ் போனால் வேலை போய்விடும். மருந்துக் கடைகளுக்கு ஸ்கூட்டரில் மருந்துப் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்கிறவனுக்கு இரண்டு சக்கரம்தானே கால். அதுவும் குலசிங்கம் வேலையில்லாமல் இருந்தால் ஆள் உடைந்துபோவான், வந்த புதிதில் ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தபோது சுவரைப் பார்த்தபடியே இருந்தான். அந்தச் சுவர்ப் பார்வை அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் முதல் ஊரில் நிற்கும்போது சொல்லுவம் என்று தனக்குத் தானே தவணை கொடுத்து ஏறினாள். முதல் ஊர் காஸ்தெல்புவோனோ. கோட்டைக்குக் கீழே நிறுத்திக் காப்பி குடித்தார்கள். குலசிங்கம் கோப்பையை எடுத்தான். அவள் கோப்பையைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள்.

"என்ன, புதுமாப்பிள்ளையைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறீர்?"

"ஒண்டுமில்லை. தலைமயிரெல்லாம் நரைச்சுப்போச்சு உங்களுக்கு."

"இப்பதான் கண்டனீரோ? உமக்கு மட்டும் என்னவாம், டை அடிச்சு மறைக்கிறீர்."

"இஞ்சேருங்கோ," என்றாள்.

"சொல்லும்."

வாய்வரை வந்தது. பக்கத்து மேசையில் ஒரு பிள்ளை ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டு வீறிட்டது, குலசிங்கம் திரும்பிச் சிரித்தான், வந்தது வந்த வழியே போய்விட்டது. "மெதுவா ஓடுங்கோ," என்றாள். அதுதான் வாயால் வந்தது.

"அதுக்குத்தானே நீர் பின்னால இருக்கிறீர். தட்டும்." அவன் தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினான். ஒரு தட்டுத் தட்டினால் மெதுவாக. இரண்டு தட்டினால் நிறுத்து. மூன்று தட்டினால், அது இந்த ஊருக்குத் தேவையில்லாதது. அது யாழ்ப்பாணத்தில் கலியாணம் கட்டிய வருசத்தது. பெற்றோல் கண்ணாலும் காண முடியாத காலம். காபுரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்சைக்கிள்கள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது, வானத்தில் இருந்து சுடுகிற ஹெலிகொப்டர் வருவது எங்கே கேட்கும்? அதனால் ஓடுகிறவன் றோட்டைப் பார்ப்பான், பின்னால் இருக்கிறவள் வானத்தைப் பார்ப்பாள். அதுதான் ஒழுங்கு. கலியாணம் கட்டி நாற்பது நாள்கூட ஆகவில்லை, புதுச்சேலையோடு ஒரு விருந்துக்குப் போகிற வழியில், வெட்டவெளி றோட்டில், வடக்குப் பக்கம் ஒரு கறுப்புப் புள்ளியை அவள் கண்டாள். கண்டதும் கை தானாகப் போனது. மூன்று தட்டு. என்ன ஏது என்று அவன் கேட்கவில்லை, சைக்கிளை அப்படியே சரித்துவிட்டு இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் பாய்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் போன மாட்டுவண்டிக்காரன் பாயவில்லை. அதை அவள் நினைக்க விரும்புவதில்லை. ஆனால் குலசிங்கம் அந்தக் கதையை இத்தாலிக்கு வந்தும், கொண்டாட்டம் என்றால், நாலு பேர் கூடினால், ஒரு பியரோடு தொடங்கிவிடுவான். இவ தட்டாட்டி நான் இண்டைக்கு இல்லை, என்று முடிப்பான். எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டு வடைத்தட்டை நீட்டுவாள். அந்தக் கை இப்போது அவன் ஜாக்கெட்டின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது, விரல் விறைத்துப்போய். ஒன்று, இரண்டு. இதுவும் ஒரு வளைவு. மூன்று. முதுகு சரிந்தது, வளைவோடு அவளும் சரிந்தாள், நிமிர்ந்தார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரிச் சுத்தமாக இருந்தது. பார்க்க வேண்டிய ஆபத்து அங்கே இல்லை, இந்த ஹெல்மெட்டுக்குள் இருக்கிறது, அதைப் பார்க்க எனக்கு வழியில்லையே என்று நினைத்தாள்.

ஜெராச்சி என்ற ஊர் மலை உச்சியில் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது. இது இரண்டாவது தவணை. குலசிங்கம் தேவாலயத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பவென்று மேலே போனான், அவள் கால் மரத்துப்போனதென்று ஒரு சந்தில் நின்றுவிட்டாள். சந்தில் ஆள் அரவம் இல்லை, எல்லாரும் இறைச்சி சுடப் போய்விட்டார்கள். கதவுகள் மட்டும் இருந்தன. கதவுகளில் கறுப்புக் கரை போட்ட ஒரு துண்டுக் காகிதம். அதில் இரண்டு மூன்று சொல். என் அம்மாவுக்காக. என் சகோதரனுக்காக. செத்தவீடு நடந்த வீட்டுக் கதவில் இவர்கள் ஒட்டி விடுவார்கள், பெயர் இல்லை, தேதி இல்லை, கிழிந்து விழும்வரை அது இருக்கும். பலெர்மோவிலும் அங்கொன்று இங்கொன்றாகப் பார்த்திருக்கிறாள், இப்படி வரிசையாகப் பார்த்ததில்லை. வாசிக்காதே என்று தனக்குச் சொல்லிக்கொண்டு வாசித்தாள். மூன்றாவது கதவில், என் கணவருக்காக. எழுத்து வெயிலில் மங்கவில்லை, காகிதம் புதுசு. இங்கே வந்து நின்று இதை வாசிக்க வேண்டுமென்று என் தலையில் எழுதியிருக்கிறதா, என்று கோபம் வந்தது. கோபம் யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கதவு திறந்தது. கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு கிழவி, கையில் துடைப்பம்.

"யாரைத் தேடுகிறாய், மகளே?"

"ஒருவரையும் இல்லை, சின்யோரா. என் கணவர் மேலே போயிருக்கிறார். உங்கள் கணவர், இப்போதுதானா? மன்னித்துக்கொள்ளுங்கள்."

"இப்போதா? எட்டு வருசம்." கிழவி காகிதத்தை உள்ளங்கையால் தடவி நேராக்கினாள். "ஒவ்வொரு ஈஸ்டருக்கும் புதிதாக ஒட்டுவேன். மழை கிழித்துவிடுகிறது."

"என்ன நடந்தது?"

"என்ன நடக்கும்? தொண்ணூற்றொரு வயது. சூப் குடித்தான், உப்புக் குறைவு என்றான், படுத்தான். காலையில் எழும்பவில்லை." கிழவி துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு, கீழே நின்ற சிவப்பு மோட்டார்சைக்கிளைப் பார்த்தாள். "அதிலா வந்தீர்கள்? அவனும் ஒன்று வைத்திருந்தான். ஐம்பது வருசம் பின்னால் இருந்தேன். எனக்கு இந்த மலையில் ஒன்றும் தெரியாது, அவனுடைய கழுத்துப் பிடரி மட்டும்தான் தெரியும்."

தவமலருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தொண்ணூற்றொரு வயதில், சூப் குடித்துவிட்டு, உப்பைக் குறை சொல்லிவிட்டு, சொந்தக் கட்டிலில். இதற்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேண்டும். எனக்கு அப்படி ஒரு சாவைக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த மனுசனுக்குக் கொடு, என்று எந்தச் சாமியிடம் என்று இல்லாமல் பொதுவாகக் கேட்டாள். ஆனால் கிழவி சொன்ன அந்தக் கழுத்துப் பிடரி மனதில் சிக்கிக்கொண்டுவிட்டது. நானும் வேறு எதைப் பார்த்தேன்? யாழ்ப்பாணத்தில் வானத்தைப் பார்த்தேன், பிறகு பதினெட்டு வருசம் கிழவிகளின் மாத்திரைப் பெட்டியைப் பார்த்தேன், இன்றைக்கு ஒரு முதுகைப் பார்க்கிறேன். குலசிங்கம் இறங்கி வந்தான். மூச்சு வாங்கியது, முகம் முழுக்கச் சிரிப்பு. அடுத்த ஊர் பெத்ராலியாவுக்குப் போவம், அங்கேயிருந்து பார்த்தால் எரிமலை தெரியுமாம் என்றான். எரிமலை தெரியாவிட்டால் என்ன குறைந்துபோய்விடும் என்று கேட்க நினைத்தாள். சந்தில் வைத்துச் சொல்லுவமா? அந்தக் கதவுக்கு முன்னால் வைத்துச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சாப்பிடுகிற இடத்தில் சொல்லுவம், சாப்பிட்ட பிறகு, வயிறு நிறைந்திருக்கும்போது ஆளுக்குக் கோபம் வராது. இப்படியே தவணை தவணையாகக் கொடுத்துக்கொண்டு போனால் இது சின்யோராவின் மாடிப்படியில்தான் போய் நிற்கும் என்று ஒரு குரல் சொன்னது. அவள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள்.

ஒரு புல்வெளியில் சாப்பிட்டார்கள். சுற்றிவர நாலைந்து குடும்பங்கள். கரியில் கூனைப்பூ என்கிற பெரிய மொட்டுகளை முழுசாகப் புதைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள், மேலெல்லாம் கருகி, உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும். ஒரு தடித்த மனுசன் கேட்காமலே இரண்டு கொண்டுவந்து நீட்டினான், சாப்பிடுங்கள், இன்றைக்கு ஒருவரும் பசியோடு இருக்கக்கூடாது என்றான். குலசிங்கம் பதிலுக்கு மீன் பொரியல் கொடுத்தான், உறைப்பில் அந்த மனுசன் துள்ளிய துள்ளில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குலசிங்கம் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவள் அவன் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிப்பு ஒரு இடத்தில் நின்றுவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஐந்து நாளாக அவன் செய்கிற எல்லாவற்றிலும் நின்றுபோகிற இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். பல்லுத் தேய்க்கும்போது. டீவி பார்க்கும்போது. போன வெள்ளிக்கிழமை நித்திரையில்கூட மூச்சை எண்ணினாள். மகளுக்கு ஒரு சொல் சொல்லலாம் என்று போனை எடுத்து எடுத்து வைத்தாள், பொலோஞ்ஞாவில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை ஏன் குழப்புவது. எண்ணுவது ஒரு வேலை மாதிரி அவளிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது, எண்ணுகிறவரை ஒன்றும் நடக்காது என்று ஒரு நம்பிக்கை, அதற்கு எந்த நியாயமும் இல்லை. குலசிங்கம் புல்லில் மல்லாக்கப் படுத்தான். "மலர்," என்றான், "நாங்கள் இப்பிடி முந்தியே வந்திருக்கோணும்." இதோ இப்போது. "இஞ்சேருங்கோ, உங்களுக்கு அண்டைக்கு" என்று தொடங்கினாள். "ம்?" என்றான் கண்ணை மூடியபடி. "அண்டைக்கு வாங்கின சப்பாத்து காலுக்கு அளவோ?" என்று கேட்டாள். கேட்டதும் தன் வாயிலேயே ஒன்று போட வேண்டும் போல இருந்தது. "அளவுதான்," என்றான் அவன். பிறகு கண்ணைத் திறந்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனும் ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது. பிறகு எழும்பி ஜாக்கெட்டில் ஒட்டிய புல்லைத் தட்டினான்.

அதன்பிறகு றோட்டு நேராகப் போனது. மலையின் தோளில் ஒரு கிலோமீற்றருக்கு வளைவே இல்லாத துண்டு, இடது பக்கம் பாறை, வலது பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்லுக்கட்டு, கட்டுக்கு அப்பால் காற்று. கடைசியில் றோட்டு இடது பக்கம் முறிந்து திரும்புகிறது, திரும்புகிற இடத்தில் கல்லுக்கட்டு மட்டும் நேரே தெரிகிறது. குலசிங்கம் இடது கையை எடுத்துத் தூரத்து உச்சியைக் காட்டினான். "அந்தா பாரும் மலர், அந்த மலையில பனி" என்று கத்தினான். கை மெதுவாக இறங்கி அவன் தொடையில் கிடந்தது. மிச்ச வசனம் வரவில்லை. அவள் காத்திருந்தாள். ஒன்று. காற்று. இரண்டு. முதுகு அசையவில்லை. அந்த முதுகு ஒரு சாக்கு மாதிரி இருந்தது, உள்ளே ஆள் இல்லை. மூன்று. வலது கை முறுக்கிப் பிடித்தபடியே இருக்கிறது, வேகம் குறையவில்லை. தட்டு. நான்கு. அவளுடைய வலது கை எழும்பியது, அவன் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. தட்டு, தட்டு என்று உள்ளுக்குள் கத்தினாள். ஐந்து. தட்டினால் திடுக்கிட்டு ஹான்டிலை ஒடித்துவிட்டால். சின்யோராவுக்குத் தட்டியும் தெரியவில்லையே. ஆறு. வீட்டில் காஸ் அடுப்பை மூடினேனா. கல்லுக்கட்டில் ஒரு பல்லி, இந்தத் தூரத்தில் பல்லி எப்படித் தெரியும். ஏழு. மாட்டுவண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான், அவனுக்குப் பின்னால் தட்ட ஒருவரும் இல்லை. எட்டு. கை இன்னும் அங்கேயே நிற்கிறது, தன் கை மாதிரி இல்லை, யாருடையதோ கை, அவள் அதைப் பார்த்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். என் கணவருக்காக என்று யார் ஒட்டுவார்கள், நானும்தானே பின்னால் இருக்கிறேன், கதவில் ஒட்ட வீட்டில் ஆள் இல்லை. ஒன்பது. கட்டின் கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, இடுக்கில் மஞ்சள் பூ. பத்து. "இன்னும் கரையேல்லை" என்று கத்திக்கொண்டு குலசிங்கம் திரும்பி வந்தான். வந்தவன் முன்னால் கல்லுக்கட்டைக் கண்டு, தூசணம் ஒன்றைச் சொல்லி, பிரேக்கைப் பிடித்துச் சரித்தான். பின் சக்கரம் சரளையில் இழுபட்டது, அவளுடைய முழங்கால் கல்லுக்கட்டில் உரசியது. திரும்பிவிட்டார்கள். திரும்பி ஐம்பது மீற்றர் போனபிறகுதான் அவள் கை போய் அவன் தோளில் விழுந்தது. இரண்டு தட்டு.

அவன் உடனே நிறுத்தினான். உடனே. அதை அவள் கவனித்தாள்.

இறங்கினார்கள். அவள் காற்சட்டை முழங்காலில் கிழிந்து இரத்தம் கசிந்திருந்தது. குலசிங்கம் ஹெல்மெட்டைக் கழற்றினான், முகம் வெளிறிப்போயிருந்தது. "முழங்காலைக் காட்டும்" என்று குனிந்தான்.

"முழங்கால் கிடக்கட்டும். உங்களுக்குத் தெரியுமோ இப்ப என்ன நடந்ததெண்டு?"

அவன் குனிந்தபடியே இருந்தான். "வந்ததோ?" என்று கேட்டான்.

அவள் காலைப் பின்னுக்கு இழுத்தாள். "என்ன வந்ததோ?"

"அதுதான். தையில இருந்து இருக்குது, மலர். ஒருக்கா சிவப்பு லைற்றில நிண்டனான், பின்னால எல்லாரும் ஹோர்ன் அடிக்கிறாங்கள், பாத்தால் பச்சை வந்து போய்த் திரும்பச் சிவப்பு. இன்னொருக்கா வேற ஒரு தெருவில நிக்கிறன், எப்பிடி வந்தனெண்டு தெரியாது." அவன் நிமிர்ந்தான். "உமக்குச் சொன்னால் ஓட விடமாட்டீர். ஓடாட்டி நான் என்னத்தைச் செய்யிறது, சொல்லும்?"

"தெரிஞ்சுகொண்டோ என்னைப் பின்னால ஏத்தினீங்கள்?" அவள் கத்தினாள். மலையில் அது எங்கேயோ போய்ப் பட்டுத் திரும்பி வந்தது. "தெரிஞ்சுகொண்டோ? ஒரு பிள்ளை இருக்குதெல்லே எங்களுக்கு!"

"நீர் பின்னால இருக்கிறீர் எண்டுதானே வந்தனான்." அவன் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னான். "தனியப் போகேக்கை ஒவ்வொரு நாளும் செத்துச் செத்துத்தான் போறன். இண்டைக்குத்தான் பயமில்லாமல் ஓடினனான். எனக்கு ஏதும் எண்டால் நீர் தட்டுவீர், தட்டினால் நான் முழிச்சிடுவன். அண்டைக்கு ஹெலி வரேக்கை மாதிரி." அவன் கல்லுக்கட்டைத் திரும்பிப் பார்த்தான். "இப்பவும் அப்பிடித்தானே முழிச்சனான்? தட்டினீரோ?"

காலையில் அந்த விசில் எதற்கென்று அவளுக்கு இப்போது விளங்கியது. அவன் கேட்டுவிட்டுக் காத்திருந்தான். இல்லை, நான் தட்டேல்லை, கையைத் தூக்கிப்போட்டு எண்ணிக்கொண்டிருந்தனான், என்று சொல்லலாம். அது உண்மை. சொன்னால், அப்ப அடுத்தமுறை தட்டும், எண்டு சொல்லுவான், சிரித்துக்கொண்டு சாவியைத் திருப்புவான், ஏறும் என்பான். நாளைக்கு வேலைக்குப் போவான். வெட்கம் நெஞ்சுக்குள் எரிந்தது. இருபத்தைந்து வருசம் நாலு பேர் கூடினால் சொன்ன கதை, அந்தக் கை, கடைசியில் ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. தட்டியிருந்தால் வந்திருப்பானோ? சின்யோரா வரவில்லை. இவன் வந்திருப்பானோ என்னவோ. அது இனித் தெரியப்போவதில்லை.

"தட்டினனான்," என்றாள்.

"எத்தினை?"

"நாலு. பலமாத் தட்டினனான். நீங்கள் அறியேல்லை."

குலசிங்கத்தின் முகத்தில் இருந்து ஏதோ ஒன்று போனது. பதினொன்று எண்ணினாலும் திரும்பி வராதது. அவன் மோட்டார்சைக்கிளில் இருந்து சாவியை எடுத்து, ஒருக்காப் பார்த்துவிட்டு, அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக் கைப்பைக்குள், போன் இருக்கிற அறையில் போட்டு, சிப்பை இழுத்து மூடினாள். ஜெராச்சிக்கு ஏழு கிலோமீற்றர், நாளைக் காலையில் அங்கேயிருந்து பஸ் இருக்கும். இரவைக்கு அந்தக் கிழவியிடம் இடம் கேட்டால் கொடுப்பாள் என்று நினைத்தாள். மோட்டார்சைக்கிளைத் திருப்பினார்கள். அவன் ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான், அவள் பின்னால் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். கல்லுக்கட்டுக்குப் பக்கத்தால் போகும்போது இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கொஞ்சத் தூரம் போனபிறகு அவன் கேட்டான். "எந்தத் தோள்?"

"வலது."

அவன் ஒரு கையால் ஹான்டிலைப் பிடித்தபடி மற்றக் கையைக் குறுக்கே கொண்டுபோய் வலது தோளைத் தடவினான். அமத்திப் பார்த்தான். விட்டுவிட்டு நடந்தான், பிறகு மறுபடியும் தடவினான். "பலமாத் தட்டினால் நோகோணுமே," என்றான், அவளிடம் இல்லை, தனக்குத்தான். ஊர் வரும்வரைக்கும் அவன் அந்தத் தோளைத் தடவிக்கொண்டே நடந்தான், பின்னால் இருந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டே தள்ளினாள்.